மணி அடித்தால் ஓர் அடி பின்னால்

எங்கள் கம்பெனியில் மணி அடித்தால் ஓர் அடி பின்னால் போக வேண்டும். வேலைக்குச் சேர்ந்த முதல் நாள் சொல்லித் தந்தது இதைத்தான். கழிவறை எந்தப் பக்கம் என்பதை மூன்றாம் நாள்தான் சொன்னார்கள்.

ஒரகடத்தில் கார் சீட் தயாரிக்கிற கம்பெனி அது. லைன் நெடுகத் தலைக்கு மேலே ஒரு மஞ்சள் கயிறு ஓடும். ஏதாவது தப்பாகப் போனால் பக்கத்தில் நிற்பவர் அதைப் பிடித்து இழுக்க வேண்டும். லைன் நிற்கும். இழுத்தவர் தலைக்கு மேல் சிவப்பு விளக்கு எரியும். கூரையில் கட்டிய ஸ்பீக்கரில் டிங்-டாங், டிங்-டாங் என்று மணி அடிக்கும். அந்த நொடியே லைனில் நிற்கும் நாற்பத்துமூன்று பேரும் இரண்டு கையையும் தோளுக்கு மேல் தூக்கிக்கொண்டு, தரையில் போட்டிருக்கும் மஞ்சள் கோட்டுக்குப் பின்னால் போய் நிற்க வேண்டும். லைன் லீடர் ஓடி வந்து, பார்த்து, பொத்தானை அழுத்திய பிறகுதான் கையை இறக்கலாம். ஒரு ஷிஃப்டுக்கு ஏழெட்டுத் தடவை இது நடக்கும். இதையே மூன்று வருடம் செய்தேன். ஒருநாள் குன்றத்தூர் மலைக்கோயிலில் தீபாராதனைக்கு மணி அடித்தபோது ஓர் அடி பின்னால் போய் ஓர் அம்மாவின் காலை மிதித்துவிட்டேன். அந்த அம்மா என் பரம்பரையையே இழுத்துத் திட்டினார். அப்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டும். உறைக்கவில்லை.

நான் கான்ட்ராக்ட். பதினொரு மாதம் முடிந்தால் ஒரு வாரம் வீட்டில் உட்காரச் சொல்வார்கள். பிறகு புது ஐ.டி. கார்டு போட்டுப் பழைய இடத்திலேயே நிற்க வைப்பார்கள். போட்டோவை மட்டும் ஒவ்வொரு தடவையும் புதிதாக எடுப்பார்கள். மூன்று கார்டையும் வரிசையாக வைத்தால் என் நெற்றி வளர்ந்துகொண்டே போவது தெரியும். சீட்டின் இரும்புச் சட்டத்தில் நான்கு போல்ட்டை ஏர் கன்னால் முடுக்குவது என் வேலை. எனக்கு அடுத்த இடத்தில் நின்று பெல்ட் கொக்கி மாட்டுபவள் கோவில்பட்டிப் பக்கத்துப் பெண். அவளும் கான்ட்ராக்ட்தான். நாங்கள் இருவரும் கல்யாணம் செய்துகொள்வது என்று முடிவெடுத்து ஒரு வருடம் ஆகியிருந்தது.

அவள் அப்பாவிடம் போய்ப் பெண்ணும் கேட்டாகிவிட்டது. அவர் ஒரு நூற்பாலையில் இருபத்தாறு வருடம் பதிலியாக வேலை பார்த்தவர். தினமும் காலையில் மில் கேட்டில் போய் நிற்க வேண்டும். உள்ளே யாராவது வரவில்லை என்றால் கூப்பிடுவார்கள். எல்லாரும் வந்துவிட்டால் வீட்டுக்குத் திரும்ப வேண்டும். இருபத்தாறு வருடம் அவர் பிழைப்பு, அடுத்தவனுக்குக் காய்ச்சல் வருவதை நம்பித்தான் ஓடியிருக்கிறது. நான் என் சம்பளம், குணம், குடிப்பழக்கம் இல்லாதது எல்லாவற்றையும் சொல்லி முடிக்கும்வரை பொறுமையாகக் கேட்டார்.

"தம்பி, ஒங்க மேல ஒரு கொறையும் இல்ல. பெர்மனென்ட் லெட்டரு ஒண்ணக் கொண்டாந்து எங் கையில குடுங்க. அன்னைக்கே தேதி குறிச்சிருவோம்" என்றார். காபி கொடுத்து அனுப்பிவைத்தார்.

எனக்குப் பாட்டுப் பைத்தியம் உண்டு. இனி அந்த விஷயத்துக்கு வருகிறேன். எங்கள் அப்பா கல்யாணத்துக்கும் காதுகுத்துக்கும் மைக் செட் கட்டியவர். 1991இல் எங்கள் வீட்டுக்கு இரண்டு புது வரவு. ஒன்று நான், இன்னொன்று ஒரு கனமான இரும்பு மைக். மைக்குக்கு வெல்வெட் துணியில் உறை தைத்தார்கள். எனக்குப் பழைய வேட்டி. அப்பா போய்விட்டார். மைக் இன்றைக்கும் வேலை செய்கிறது. செம்பரம்பாக்கம் ஏரியைத் திறந்துவிட்ட வருடம் தண்ணீரில் மூழ்கி எழுந்த ஒரு கம்ப்யூட்டரைச் சல்லிசாக வாங்கினேன். வாங்கும்போதே பெட்டியின் பாதி உயரத்தில் சேற்றுக் கோடு இருந்தது. அதில் பாட்டுப் பதிவு செய்கிற சாஃப்ட்வேர் ஒன்றை ஏற்றிக்கொண்டேன். திரையில் அடுக்கடுக்காக ட்ராக் போட்டு, ஒன்றில் தாளம், ஒன்றில் கீபோர்டு, ஒன்றில் குரல் என்று தனித்தனியாகப் பதிந்து, வெட்டி, ஒட்டி, சேர்த்துக் கேட்கலாம். ஷிஃப்ட் முடிந்து வந்தால் எனக்கு அதுதான் சோறு தண்ணி.

இந்த விஷயம் ஹெச்.ஆர். அதிகாரியின் காதுக்குப் போயிற்று. கேபினுக்குக் கூப்பிட்டார். ஏ.சி. குளிரில் நான் மட்டும் நடுங்கிக்கொண்டு நின்றேன்.

"சேஃப்டி வீக் வருதுப்பா. நமக்குனு ஒரு பாட்டு வேணும். கஸ்டமர் கம்பெனிலருந்து ஆளுங்க வராங்க. அவங்க லைன் பக்கம் நடக்கசொல்ல பாட்டு ஓடணும். பண்ணுவியா?"

"பண்றேன் சார்."

"இந்த வருசம் உங்க லைன்ல ஒரே ஒருத்தர பெர்மனென்ட் பண்றாங்க. பாட்டு நல்லா வந்துச்சுன்னா உன் ஃபைல மேல வைக்கிறேன்."

எனக்குக் காது அடைத்துவிட்டது. போல்ட் முடுக்கும்போதெல்லாம் தேதி குறித்தேன். ஆவணியா, ஐப்பசியா என்று இரண்டு நாள் தீராத குழப்பம்.

பாட்டு மற்ற கம்பெனிப் பாட்டு மாதிரி இருக்கக்கூடாது என்று முடிவு செய்தேன். எங்கள் லைன் சத்தத்தையே தாளமாக்கினால்? கம்பெனி கேட்டில் செக்யூரிட்டி எங்கள் செல்போன் கேமரா மேல் ஸ்டிக்கர் ஒட்டித்தான் உள்ளே விடுவார். கேமராவுக்குத்தான் ஸ்டிக்கர், போனில் இருக்கிற மைக்குக்கு இல்லை. ஒரு வாரம் போனைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டே நின்றேன். அழுத்தும் மிஷின் தொம் என்று விழுவது, ஏர் கன் ட்ர்ர் என்பது, தள்ளுவண்டி கிறீச்சிடுவது எல்லாம் கிடைத்தன. தொம் என்பதை வெட்டித் தாளத்தின் முதல் அடியில் வைத்தேன். ட்ர்ர் என்பதைப் பொடிப்பொடியாக நறுக்கி இடையில் தூவினேன். ஒவ்வொரு சரணம் முடிந்ததும் ஓர் இடைவெளி வரும். அங்கே என்ன வைக்கலாம் என்று தேடினேன். ஒரு பதிவில் சுத்தமாக, தெள்ளத்தெளிவாக, டிங்-டாங், டிங்-டாங்.

வைத்தேன். உடம்பெல்லாம் புல்லரித்தது. நான்கு இடைவெளி, நான்கு தடவை மணி. எனக்கு நானே கைகொடுத்துக்கொள்ளாத குறை.

பாட்டு எழுதியதும் நான்தான். "பாதுகாப்பு நமது உயிர்மூச்சு" என்று தொடங்கினேன். அவள் படித்துப் பார்த்துவிட்டு, "இது கேன்டீன் செவுத்துல எழுதிப் போட்டிருக்கது மாதிரில்லா இருக்கு" என்றாள். கோபம் வந்தது. நான் எழுதியது கேன்டீன் சுவரிலிருந்துதான். அவளே பேனாவை வாங்கி எழுதினாள்: "அவசரம் ஏனுங்க அண்ணாச்சி, கை ரெண்டும் இருந்தாத்தான் கஞ்சி." நான் எழுதியதை அடித்துவிட்டு அதையே பாட்டாக வைத்துக்கொண்டேன்.

பாடப்போவதும் அவள்தான். ஞாயிற்றுக்கிழமைகளில் ஸ்ரீபெரும்புதூர் ஹாஸ்டலிலிருந்து பஸ் பிடித்துக் குன்றத்தூருக்கு வருவாள். வெளிச்சத்தம் வராமல் இருக்க, கம்பெனியில் கழித்துப்போட்ட சீட் ஃபோமைக் கேட்-பாஸ் வாங்கிக் கொண்டுவந்து அறையின் நான்கு சுவரிலும் ஒட்டினேன். ஹெச்.ஆர். அதிகாரியே கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். வெயில் ஏற ஏறப் புதுக் காரின் நாற்றம் அடித்தது. மின்விசிறி ஓடினால் மைக்கில் காற்றுச் சத்தம் விழும் என்பதால் அதையும் நிறுத்திவிட்டேன்.

எங்கம்மா வாசற்படியில் வந்து நின்று பார்த்தார். "இன்னாடா இது, வூடா, காரா? இனிமே பெல்ட்டு மாட்டிகினுதான் சமைக்கணுமா நானு?" என்றார். சொன்னாரே தவிர, அந்தப் பெண் வேர்த்து ஊற்றியபடி பாடுவதைப் பார்த்து மோர் கலக்கிக் கொண்டுவந்து கொடுத்தார். பிறகு அங்கேயே உட்கார்ந்துகொண்டார்.

முதல் சரணம் அருமையாக வந்தது. இரண்டாவது சரணத்தில் குரல் தேய்ந்தது. திரையில் அவள் குரல் மேடும் பள்ளமுமாகக் கோடு போட்டுக்கொண்டே போகும். மணி அடிக்கிற இடம் வரைக்கும் மேடு மேடாக இருந்தது, மணிக்குப் பிறகு சப்பென்று ஆகிவிட்டது. மறுபடி எடுத்தோம். மறுபடியும் அதே இடத்தில் சப்.

"மணிக்கு அப்பால இன்னாத்துக்குக் கொரல் கம்மியாவுது?" என்றேன்.

"தெரியலீங்க. நான் ஒரே மாதிரிதாம் பாடுதேன்."

"ஒரே மாதிரி பாடினா இப்டி வருமா? மெஷின் பொய் சொல்லுமா?"

அம்மாதான் சொன்னார். "டேய், மணி அடிக்கசொல்ல அந்தப் பொண்ணு ஒரு அடி பின்னால போவுதுடா. நானும் பாத்துகினேதான் கீறேன். கையையும் தூக்குது."

நான் திரும்பிப் பார்த்தேன். அவள் மைக்கை விட்டு ஓர் அடி தள்ளி, ஹெட்போன் வயர் இழுபட, இரண்டு கையையும் தோளுக்கு மேல் வைத்துக்கொண்டு நின்றிருந்தாள். அவளே அப்போதுதான் கையைப் பார்த்து, வெட்கப்பட்டு, கீழே இறக்கினாள்.

"அந்த மணி வேண்டாங்க. காலு தன்னால போவுது. லைன்ல போட்டா எல்லாருக்கும் அப்படித்தானே ஆவும்?"

தெய்வமே வந்து சொன்ன மாதிரி சொன்னாள். நான் என்ன செய்தேன்? சிரித்தேன்.

"அங்க பாட்டுன்னு தெரிஞ்சுதானே கேப்பாங்க. பாட்டுக்கும் மணிக்கும் வித்தியாசம் தெரியாதா? ஆயிரம் பேர் கேக்கப்போற பாட்ட உன் காலுக்காக மாத்தச் சொல்றியா?"

அவள் மைக் பக்கம் போய் நின்றுகொண்டாள். தேய்ந்த குரலை முதலில் சாஃப்ட்வேரிலேயே தூக்கிப் பார்த்தேன். குரலோடு சேர்ந்து பக்கத்து வீட்டுக் குக்கர் விசிலும் தூக்கிக்கொண்டு வந்தது. வேறு வழியில்லை, பழக்கத்தைத்தான் மாற்ற வேண்டும். "மணி அடிச்சா மூச்ச இழு. இழுத்ததும் பாடு. கால மறந்துடு" என்றேன். மணி, மூச்சு, பாட்டு. மணி, மூச்சு, பாட்டு. மூன்று ஞாயிறு இதையே செய்தாள். அம்மா விரல்விட்டு எண்ணினார். நாற்பத்தோராவது தடவையில் மணி அடித்தது, அவள் கண்ணை மூடி மூச்சிழுத்தாள், கால் அசையாமல் பாடினாள். திரையில் கோடு கடைசி வரை ஒரே உயரத்தில் போயிற்று. நானே அவளைப் பழக்கிவிட்டதாக எனக்குப் பெருமை தாங்கவில்லை. அந்த மூன்று ஞாயிறும் நான் நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். உட்கார்ந்தவன் எப்படிப் பின்னால் போவான்?

ஹெச்.ஆர். அதிகாரி கேபினில் பாட்டைக் கேட்டார். அவர் ஒருநாளும் லைனில் நின்றவர் இல்லை. மணி வந்த இடத்தில் மேசையில் தாளம் போட்டார். "இந்த பெல்லு சூப்பர்ப்பா. நம்ம கம்பெனின்னு ஒடனே தெரியுது பாரு" என்றார். ஆவணி என்றே நான் முடிவு செய்துவிட்டேன்.

அந்த நாள் வந்தது. லைன் வழக்கம்போல ஓடிக்கொண்டிருந்தது. பதினொரு மணி இருக்கும், வெள்ளைக் கோட்டும் தொப்பியும் போட்ட ஆறு பேர் நடைபாதையில் வந்தார்கள். ஹெச்.ஆர். அதிகாரி முன்னால் நடந்து, கையைக் காட்டிக் காட்டி ஏதோ சொல்லிக்கொண்டு வந்தார். கூரை ஸ்பீக்கரில் பாட்டு தொடங்கியது. தொம். ட்ர்ர். அவள் குரல் அவ்வளவு பெரிய கூடத்தில் கணீரென்று எழுந்தது. லைனில் எல்லாரும் சிரித்தார்கள். "அண்ணாச்சி" என்று வந்த இடத்தில் யாரோ விசில் அடித்தார்கள். நெஞ்சு விம்மி எனக்குச் சட்டைப் பொத்தான் தெறிக்கிற நிலை.

முதல் சரணம் முடிந்தது. டிங்-டாங், டிங்-டாங்.

நாற்பத்திரண்டு பேர் கையைத் தூக்கிக்கொண்டு மஞ்சள் கோட்டுக்குப் பின்னால் போய் நின்றார்கள்.

இதைச் சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது. அந்த நாற்பத்திரண்டு பேரில் நானும் ஒருவன். பாட்டைக் கட்டியவன், மணியை வெட்டி ஒட்டியவன், அது பாட்டு என்று உலகத்திலேயே நன்றாகத் தெரிந்தவன், ஏர் கன்னைத் தொங்கவிட்டுவிட்டு இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு நிற்கிறேன். மூளைக்குச் செய்தி போகும் முன்பே கால் போய்விட்டது.

மிஷின் ஏமாறவில்லை. கயிற்றை யாரும் இழுக்கவில்லையே! லைன் அதுபாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது. ஆளில்லாமல் சீட்டுகள் ஒன்றன்பின் ஒன்றாக நகர்ந்தன. லைன் லீடர் எந்த விளக்கு எரிகிறது என்று தலையைத் தூக்கித் தூக்கி இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் ஓடினார். ஒரு விளக்கும் எரியவில்லை. விளக்கு எரியாமல் யார் பொத்தானை அழுத்துவது? பொத்தானை அழுத்தாமல் நாங்கள் எப்படிக் கையை இறக்குவது? எல்லாரும் ஒழுங்காக நின்றோம்.

அவள் ஒருத்திதான் நின்ற இடத்தில் நின்றாள். மணி அடித்ததும் மூச்சை இழுத்தாள். ஸ்பீக்கரில் இரண்டாவது சரணம் தொடங்கியபோது அவளும் வாய்விட்டுப் பாடிக்கொண்டே கொக்கி மாட்டினாள். அடுத்த சீட் என் இடத்தைத் தாண்டி அவளிடம் போயிற்று. அதில் நான்கு போல்ட்டும் முடுக்கப்படவில்லை. அவள் சீட்டைப் பார்த்தாள். பிறகு திரும்பி, கையைத் தூக்கிக்கொண்டு நின்ற என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வையில் கோபமோ கேலியோ இருந்திருந்தால் தாங்கியிருப்பேன். எங்கம்மா என்னைப் பார்ப்பது போலப் பார்த்தாள். எட்டிக் கயிற்றை இழுத்தாள்.

இப்போது அடித்தது உண்மையான மணி. லைன் நின்றது. விளக்கு எரிந்தது. லீடர் உயிர் வந்தவராக ஓடிப்போய்ப் பொத்தானில் கை வைக்கப் போனார். பாட்டில் அடுத்த மணி அடித்தது. லீடரும் கையைத் தூக்கிக்கொண்டு ஓர் அடி பின்னால் வந்தார். யாரோ ஓடிப்போய் ஸ்பீக்கரை நிறுத்தும் வரை இப்படியே போயிற்று.

விருந்தாளிகள் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஹெச்.ஆர். அதிகாரியின் முகத்தில் ஈயாடவில்லை. பிறகு அவர் ஒரு காரியம் செய்தார். அதற்காகவாவது அவரை நான் மெச்ச வேண்டும். "மாக் டிரில், சார். ஒத்திகை. முன்கூட்டிச் சொல்லாமல் வைப்போம்" என்றார். ஆறு பேரும் கைதட்டினார்கள். நாற்பத்திரண்டு பேர் ஒரே நொடியில் பின்வாங்கியதை ரொம்பவும் பாராட்டினார்கள். அவர்களில் வயதானவர் ஒருவர் மட்டும் அவளைக் காட்டி, "மற்றவர்கள் மணியைக் கேட்டார்கள். இந்தப் பெண் சீட்டைப் பார்த்தாள்" என்றாராம். அவள் ஐ.டி. கார்டு எண்ணைக் குறித்துக்கொண்டு போனார்.

மறுநாள் கேபினுக்குக் கூப்பிட்டார்கள். இந்தத் தடவை குளிர் தெரியவில்லை.

"பாரு, அது டிரில்னு எழுதிக் குடுத்தாச்சு. டிரில்னா பாட்டே இல்ல. பாட்டு இல்லன்னா பாட்டு போட்டவனும் இல்ல. உன் ஃபைல இப்ப மேல வெச்சா எல்லாத்தையும் தோண்டுவாங்க. உன்ன வெளிய அனுப்பாம வெச்சிகினு இருக்கேன். புரியுதா?"

புரிந்தது. அடுத்த மாதம் லைனில் ஒருவருக்குப் பெர்மனென்ட் லெட்டர் வந்தது. அவளுக்கு.

நான் பெரிய மனதோடு சந்தோஷப்பட்டேன் என்று எழுத ஆசைதான். பொறாமையில் வெந்தேன். அது எனக்கு வர வேண்டிய லெட்டர், என் பாட்டில் என் மணியால் வந்த லெட்டர் என்று மனம் அரித்தது. அவள் சொன்னபோதே கேட்டிருந்தால் என்கிற நினைப்பு வரும்போதெல்லாம் அவள் மேல் இன்னும் எரிச்சல் வந்தது. பெர்மனென்ட் பெண்ணைக் கான்ட்ராக்ட் மாப்பிள்ளைக்கு எந்த அப்பா கொடுப்பார்? ஒன்பது நாள் அவளோடு பேசவில்லை. பக்கத்தில் பக்கத்தில் நின்று நான் போல்ட் முடுக்கினேன், அவள் கொக்கி மாட்டினாள்.

பத்தாம் நாள் கேன்டீனில் என் எதிரே வந்து தட்டை வைத்தாள். "வெள்ளிக்கெழம லீவு போடுங்க. ஊருக்குப் போவோம்."

"நான் வந்து இன்னா பண்றது? லெட்டர் உன்கிட்டதானே கீது?"

"அதுக்குத்தான் போவோங்கேன்" என்றாள். தட்டிலிருந்த என் அப்பளத்தை எடுத்துக் கடித்தாள். கோபம் போய்விட்டது. எனக்கு அவ்வளவுதான் ரோஷம்.

அவள் அப்பா லெட்டரை வாங்கி, கண்ணாடி போட்டு, நின்றபடியே படித்தார். முதல் தடவை வேகமாகப் படித்தார். இரண்டாவது தடவை விரலை வைத்து வரி வரியாகப் படித்தார். மூன்றாவது தடவை பெயர் இருந்த இடத்திலேயே விரல் நின்றுவிட்டது.

"ஒம் பேருல்லா போட்டிருக்கு."

"ஆமாப்பா."

"இவருக்கு?"

"இவருக்கு இன்னும் வரல. லெட்டரு ஒண்ணக் கொண்டாந்து கையில குடுங்கன்னீங்க. கொண்டாந்துட்டோம். தேதியக் குறிங்க."

அவர் லெட்டரை மடித்தார், விரித்தார். இருபத்தாறு வருடம் மில் கேட்டில் நின்றவர். "நம்ம வீட்டுல மொத ஆளு" என்றார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே உள்ளே போனார். காலண்டரை ஆணியோடு கழற்றிக் கொண்டுவந்தார். நான் எங்கே பார்ப்பது என்று தெரியாமல், வந்ததும் கையில் கொடுத்திருந்த காபி டம்ளரைப் பார்த்துக்கொண்டு, நின்றபடி குடித்தேன். என்னை உட்கார் என்று யாரும் இன்னும் சொல்லவில்லை.

"தம்பி என்னமோ பாட்டுப் போடுதாராமே. போடச் சொல்லு, கேப்போம்" என்றார் காலண்டரைப் புரட்டிக்கொண்டே.

போனை எடுத்துக் கொடுத்தேன். அவள் பாட்டைப் போட்டாள். மகள் குரலைக் கேட்டதும் அவர் புரட்டுவதை நிறுத்தினார். அண்ணாச்சி, கஞ்சி என்று வந்த இடத்தில் முகம் மலர்ந்தது. சரணம் முடிந்தது. டிங்-டாங், டிங்-டாங்.

நான் டம்ளரோடு கையைத் தூக்கிக்கொண்டு ஓர் அடி பின்னால் போனேன். காபி தலையில் கொட்டிச் சட்டையில் வழிந்தது. அவள் மூச்சை இழுத்து, அடுத்த அடியைக் கூடவே பாட ஆரம்பித்துவிட்டாள்.

அவர் என்னையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தார். தோளில் கிடந்த துண்டை எடுத்து என்னிடம் நீட்டினார்.

"கையக் கீழ போட்டு உக்காருங்க மாப்ள" என்றார். அதுவரை அவர் என்னைத் தம்பி என்றுதான் கூப்பிட்டிருந்தார்.